இரண்டு தீப்பெட்டி கிழங்கு

போன மாதம் சுங்கைப் பட்டாணியில் ஒரு மண்டபத்தில் இனிப்புநீர்க்காரர்களுக்காக, நீரிழிவு உள்ளவர்களுக்காகத்தான், கூட்டம் போட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். எனக்கு அந்த வியாதி இல்லை. ஆனால் அதோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு.

மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். “ஜப்பான்காலத்துல நம்ம ஆளுங்க யாருக்காச்சும் இனிப்புநீர் இருந்துச்சா? இல்ல! ஏன் இல்ல? சாப்பாடு இல்ல! பட்டினியைவிடப் பெரிய மருந்து உலகத்துல கிடையாது!”

கைதட்டல் எழுந்தது. என் பக்கத்தில் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் காதருகே வந்து, “அப்ப நாளையிலேருந்து மாத்திரையையும் சோத்தையும் நிறுத்திப் பாக்கறேன்க்கா” என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று, “நான் அங்க இருந்தவ! நான் சொல்றேன்!” என்று கத்தினேன். அதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது. பழரசம் கொண்டுவந்தார்கள். இனிப்புநீர்க்காரர் கூட்டத்தில் பழரசம்!

வாசலில் ஓர் இளம் மிஸி, ஆஸ்பத்திரித் தாதி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆயா, கோபப்படாதீங்க லா. மேடையில சொல்ல முடியாததை எழுதிக் குடுங்க. நாங்க படிக்கிறோம்” என்றாள். எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருந்த காகிதங்களைப் பார்த்து எழுத்துக் கற்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுக்க வேண்டாம். அது தெரிந்தே எழுதியது.

கோலா கெத்திலுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் நான் சமையல்காரியாகச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. வெட்டுக்காட்டில் பால் எடுத்துக்கொண்டிருந்தவளுக்குக் கையில் சொறி வந்தது. சொறி ஆறும்வரை அடுப்பில் நிற்கட்டும் என்று அனுப்பினார்கள். சொறி பத்து நாளில் ஆறிவிட்டது. நான் முப்பத்துச் சொச்சம் வருடம் அங்கேயே நின்றுவிட்டேன். சமையல்காரியாகப் போனவள் வார்டு ஆயாவாகி, கட்டுப் போடவும் ஊசிக்கு வெந்நீர் காய்ச்சவும் கற்று ஓய்வு பெற்றேன். அதெல்லாம் இங்கே வேண்டாம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

துரை ஓடிவிட்டார். ஆஸ்பத்திரி உதவியாளர் இருவரில் ஒருவரைச் சயாமுக்கு ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், மற்றவர் அதைப் பார்த்துக் காணாமல் போனார். மிஞ்சியது செல்லையா டிரெசர், நான், பன்னிரண்டு கட்டில்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்க மாட்டார். மருந்து கொடுத்து நோயாளியைப் பார்ப்பவர் டிரெசர்தான். இவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை கிழிந்தபோது அரிசிச் சாக்கில் சட்டை தைத்துப் போட்டார், அதையும் கஞ்சி போட்டு விறைப்பாக்கித்தான் போட்டார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது, “ஐயா, அவனுக்குக் காய்ச்சல் குறைஞ்ச மாதிரி இருக்கு” என்று சொன்னால் நின்று திரும்பிப் பார்ப்பார்.

“மாதிரி வேண்டாம். கண்டதைச் சொல்லும். நினைச்சதை உம்மோட வைச்சிரும்.”

இனிப்புநீரைச் சோதிக்கும் முறை அப்போது இப்படி: பெனடிக்ட் என்ற நீல மருந்து ஒரு புட்டியில் இருக்கும். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, நோயாளியின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறத்தில் கலங்கி அடியில் தங்கினால், அந்த ஆளின் உடம்பில் சர்க்கரை வழிகிறது என்று பொருள். இப்போது விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தால் எண் வருகிறது. எங்களுக்கு நிறம்தான் வந்தது.

முதலில் ஸ்பிரிட் தீர்ந்தது. அதனால் சோதனை என் அடுப்புக்கு வந்தது. கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொதிக்கும், அதற்குள் குழாயை நிறுத்துவோம். கொதிநீரில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். டிரெசரின் கைக்கடிகாரத்தை ஒரு ஜப்பான் சிப்பாய் பாலத்தடியில் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதனால் நான் முந்நூறு எண்ணுவேன். நீல மருந்தும் குறைந்தபோது பாதி மருந்துக்கு நாலு சொட்டு என்று ஆக்கினார். “நாலெண்டால் நாலு. ஐஞ்சாவது சொட்டு பொய் சொல்லும்” என்பார். சொட்டு விழும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன்.

குறித்து வைக்க எனக்கு எழுத்து வராது. பழைய பால்கணக்குத் தாளின் பின்பக்கத்தில் நாளுக்கு ஒரு கட்டம் போட்டு நிறத்தையே பூசினேன். நீலத்துக்குச் சலவை நீலம். பச்சைக்கு முருங்கை இலைச் சாறு. மஞ்சளுக்கு மஞ்சளேதான். சிவப்புக்கு அடுப்புச் செங்கல்லைச் சுரண்டின பொடி. டிரெசர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது நல்லாயிருக்கு. இதிலை பொய் எழுத ஏலாது” என்றார்.

அடுத்து இன்சுலின் தீர்ந்தது. மேடையில் முழங்கியவருக்காக இதைச் சொல்கிறேன். காமாட்சி என்று ஓர் இளம்பெண். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொத்தவரங்காய் மாதிரி இருப்பாள். தினமும் ஊசி போட்டுத்தான் உயிரோடு இருந்தாள். கடைசிப் புட்டியைத் தண்ணீர் விட்டு அலசிக்கூடப் போட்டோம். ஊசி நின்ற ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அவளும் எல்லாரையும் போலப் பட்டினிதான் கிடந்தாள். பட்டினி ஏன் அவளைக் காப்பாற்றவில்லை? ஜப்பான்காலத்தில் இனிப்புநீர்க்காரர்களே இல்லை என்கிறார்களே, அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தின் இரண்டாம் டிவிஷன் ஆற்றோரத்தில் மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

காமாட்சி போன அதே மாதம் அலமேலு அக்கா வந்தார்.

அலமேலு அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போவார்களே, அந்தக் கொட்டகை. இரண்டு குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாவதைக் காலால் தொட்டில் ஆட்டுவார். பெரிய உடம்பு. ஊரே எலும்பும் தோலுமாக இருந்த காலத்தில் அந்த உடம்பு பலர் கண்ணை உறுத்தியது. “பிள்ளைங்க கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சுத்தான் அப்படி ஊதியிருக்கா” என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள்.

ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்கு உடைந்து ஒரு சில்லு அவருடைய இடது உள்ளங்காலில் ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. இரண்டு நாள் அதோடு நடந்திருக்கிறார். நடக்கத் தொடங்கின ஒரு குழந்தை தரையைக் காட்டி, “ஆயா, சேப்பு, சேப்பு” என்றதாம். குனிந்து பார்த்தால் அவர் நடந்த தடமெல்லாம் இரத்தம். ஆஸ்பத்திரிக்கு வரும்போது கால் வெடித்துச் சீழ் வைத்திருந்தது. குழாயை என் அடுப்பில் நிறுத்தி முந்நூறு எண்ணினேன். நூறு எண்ணும்போதே செங்கல்.

பட்டணத்து டாக்டர் அந்த வாரம் வந்தார். காற்றடைத்த டயர் கிடைக்காமல் ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிளில், ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் எங்கள் பக்கம் வருவார். காலைப் பார்த்தார். டிரெசரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். என் காது கூடவே போயிற்று.

“புண் மேல ஏறுது செல்லையா. சர்க்கரை இறங்கலைன்னா இது ஆறாது. அடுத்த தடவை நான் வர்றப்ப குழாயில பச்சை நிறமாவது தெரியணும். இல்லைன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும்.”

“மயக்க மருந்து இல்லை, சீழுக்கு மருந்து இல்லை. எடுத்தா பிழைப்பாவோ?”

டாக்டர் சைக்கிளை எடுத்தார்.

உள்ளே வந்தால் அலமேலு அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் காதும் வராந்தாவுக்குப் போயிருக்கிறது. “ஏண்டி பாக்கியம், என் காலை எடுத்துக்கிட்டுப் போயி அந்த ஆளு சைக்கிளுக்கு மூணாவது சக்கரம் வைக்கப் போறானா? ஆறு வாரம்னுதானே சொன்னான்? பாத்துடுவோம்” என்றார். அந்த வார்த்தையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் நகை சேர்ப்பார்கள். எனக்கு மனிதர்கள் சொன்ன சொல்லைச் சேர்க்கிற பழக்கம்.

டிரெசர் எனக்கு இட்ட கட்டளை: “சோறு நிப்பாட்டும். வெல்லம், கஞ்சி ஒண்டும் வேண்டாம். புண்ணை உப்புவெந்நீரில் காலையும் மாலையும் நான் கழுவுவன். சாப்பாடு உம்முடைய பொறுப்பு.”

சோற்றை நிறுத்துவது கஷ்டமா என்ன? அரிசியே கைப்பிடி கைப்பிடியாகத்தான் வந்தது. கெடா முழுக்க வயல், ஆனால் நெல் யார் யார் வீட்டுக்கோ போயிற்று. அந்தக் கைப்பிடியையும் அவருக்குக் கொடுக்காமல் நிறுத்தினேன். வெல்லம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. “பாவம், பட்டினி கிடக்கிறாளே” என்று மரவள்ளிக்கிழங்கைத் தட்டு நிறைய வைத்தேன். எங்கள் வேலிக்குள்ளேயே விளைந்தது. மூன்று வேளையும் கிழங்கு.

குழாய் செங்கல். மறுநாளும் செங்கல். ஒரு வாரம் செங்கல். தாளில் வரிசையாகச் செங்கல் பொடி பூசிப் பூசி அடுப்பில் குழி விழுந்தது.

லயத்தில் சொன்னது என் தலையிலும் ஏறியது. இவர் திருடித் தின்கிறார். வேறென்ன? அரிசிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். அடுத்த நாளும் செங்கல். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது சமையல்கட்டு வாசலில் அடுப்புச் சாம்பலை மெல்லிசாகத் தூவி வைத்தேன். காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். பூனைத் தடம் இருந்தது. மனுஷத் தடம் இல்லை. பெரிய போலீஸ்காரி மாதிரி நேரே கட்டிலுக்குப் போய் நின்றேன்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்க. யாரு கொண்டாந்து குடுக்கறா? எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையணையைத் தூக்கி என் முன்னால் போட்டார். போர்வையை உதறினார். புடவை மடியை அவிழ்த்து உதறினார். “பாரு. நல்லாப் பாரு. உன் பிள்ளை மொதக்கொண்டு இந்தத் தோட்டத்துப் பிள்ளைங்க பாதிப் பேரு என் கையில கஞ்சி குடிச்சதுங்க. அதுங்க வாயிலேருந்து நான் புடுங்கினேன்னா என் கால் அழுகட்டும். புடுங்கலைன்னா? அப்ப உன் வாய் என்னடி ஆகணும்?”

வார்டே கேட்டது. நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். அப்போதும் என் மனத்தில், திருடுகிறவள்தான் இவ்வளவு பேசுவாள் என்ற நினைப்பு. இன்றைக்கும் அது எனக்கு முள்.

டிரெசரிடம் போய்ப் புகார் சொன்னேன்.

“ஒழுங்காச் சொல்லும். நேற்று அவ என்ன சாப்பிட்டவ?”

“ஒண்ணுமே சாப்பிடலைங்க ஐயா.”

“ஒண்டுமே?”

“ஒண்ணுமே. வெறும் கிழங்குதான்.”

அவர் நெற்றியைத் தடவினார். “அப்ப அந்தக் கிழங்கை அவ என்ன, தலைக்கு வைச்சுப் படுத்தவவோ?”

எனக்குப் புரியவில்லை. சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் “இல்ல, நாலு இட்டிலிதான்” என்று சொல்கிற ஜனம் நாம். சோறு இறங்கினால்தான் நமக்கு அது சாப்பாடு. மற்றதெல்லாம் சும்மா வாயில் போட்டது. ஜப்பான்காலத்தில் தோட்டம் முழுக்க, “சாப்பிட்டு எட்டு மாசமாச்சு” என்று சொல்லிக்கொண்டே கிழங்கு தின்றுகொண்டிருந்தது.

டிரெசர் அலமாரியைத் திறந்தார். அயோடின் புட்டியில் அடியில் விரலளவுதான் மிச்சம். அறுவைக்கென்று பூட்டி வைத்திருந்தது. ஒரு வெள்ளைத் தட்டில் நாலு சோற்றுப்பருக்கை, ஒரு துண்டுக் கிழங்கு, வெந்த பசலை இலை ஒன்று, மீன் துணுக்கு ஒன்று என்று வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. சோறு கருநீலமாயிற்று. கிழங்கும் கருநீலமாயிற்று, சோற்றைவிட அழுத்தமாக. கீரையும் மீனும் அயோடின் நிறத்திலேயே கிடந்தன.

“இரண்டுக்கும் உள்ளுக்குள்ள ஒரே மாவு. வயித்துக்குப் போனா ஒரே சர்க்கரை. அரிசிப் பெட்டியைப் பூட்டின நீர் கிழங்கு மூட்டையைத் திறந்து வைச்சிருக்கிறீர்.”

இரண்டு வாரம் போய்விட்டது. ஆறில் இரண்டு. காலை அழுகவிட்டவள் நான்.

கட்டிலுக்குப் போனேன். வார்டே கேட்கப் பழி போட்ட நான் வார்டே கேட்கச் சொன்னேன்: “அக்கா, நீங்க திருடல. நான்தான் தப்பான சாப்பாடு வச்சேன்.”

“அது எனக்குத் தெரியும். உனக்கு எப்பத் தெரிஞ்சிச்சு?”

“இப்பதான்.”

“சரி, உக்காரு. நாலு வாரம் இருக்கு. அழுதுக்கிட்டு நின்னா அதுலயும் ஒரு நாளு போயிடும்.”

நான் கிழங்கையும் அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். டிரெசர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். “இல்லை! பட்டினி போட்டா புண் எதைக் கொண்டு ஆறும்? சதை வளரச் சாப்பாடு வேணும். குறைக்கிறது வேறை, பட்டினி போடுறது வேறை. அளவைக் கண்டுபிடியும்.”

அளவுக்கு என்னிடம் தராசு இல்லை. அடுப்பு மேடையில் ஒரு வெற்றுத் தீப்பெட்டி கிடந்தது, படமெல்லாம் தேய்ந்துபோய். வேகவைத்த கிழங்கை அந்தப் பெட்டி அளவுக்கு வெட்டினேன். வேளைக்கு இரண்டு பெட்டி. தட்டின் மிச்சம் முழுக்க முருங்கைக் கீரை, பசலை, ஆற்றோரத்துக் கங்கோங் கீரை. வேலியில் கொடியோடியிருந்த காராமணிப் பயறு ஒரு கை. சிவப்புப் பனை எண்ணெய் அரைக் கரண்டி, அதற்கு மேல் இல்லை. மீனுக்குத்தான் திண்டாட்டம். தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு மாக்சிக், வயதான மலாய்க்கார அம்மா, ஆற்றில் தூண்டில் போடுவார். நான் பனை எண்ணெயில் சவுக்காரம் காய்ச்சிக் கொடுப்பேன், அவர் விரால் கொடுப்பார். காலுக்கு என்று சொன்னதும் ஒரு மீன் கூட வைத்தார். பிறகு வேலியருகே என்னைப் பார்க்கும்போதெல்லாம், “காக்கி டியா லகு மானா?” என்று அந்தக் கால் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். தான் பார்த்தே இராத ஒரு காலுக்காக அந்த அம்மா வெயிலில் நின்று மீன் பிடித்தார்.

சனிக்கிழமை தோறும் எடை. பால்வெட்டு பாதிக்கு மேல் நின்றுபோனதால் ரப்பர் நிறுக்கிற தராசு ஸ்டோரில் சும்மா கிடந்தது. அக்காவை மர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேடைமேல் வைத்து, நாற்காலி எடையைக் கழிப்போம். முதல் சனிக்கிழமை நூற்று எண்பத்தோரு ராத்தல். “நல்ல ரப்பர் விலைக்கு எடுப்பாங்களா, கழிவு ஒட்டுப்பால் விலைக்கா?” என்று தராசிலிருந்தே கேட்டார்.

நடக்கக் கூடாது, ஆனால் உடம்பு அசைய வேண்டும். இடது காலைப் பெட்டிமேல் நீட்டிவைத்து உட்காரச் சொல்லி ஆட்டுக்கல்லை முன்னால் நகர்த்தினேன். வார்டு முழுக்கத் தேவையான பயறை அவர்தான் அரைத்தார். வேர்த்துக் கொட்டும். அரைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்களை அதட்டுவார்.

சண்டை அடுப்பில் மட்டுமா? ஜன்னலுக்கு வெளியே பெரிய சண்டை. அக்காவின் நாத்தனார் முனியம்மா கிழங்கு அடை தட்டிக்கொண்டு வந்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டுவாள். தன் பங்கை மிச்சம் பிடித்துத் தட்டின அடை, அன்பு இல்லாமலா?

“அண்ணி, வாங்கிக்குங்க. இந்தப் பாக்கியம் உங்களைக் கொன்னுடுவா. உடம்பு எப்படி எறங்கிப் போச்சு! பாக்கறவங்க எங்களைத்தானே கேப்பாங்க?”

“என்ன கேப்பாங்க?”

“சோறு போட நாதி இல்லையான்னு கேப்பாங்க.”

நான் ஜன்னலை மறித்து நின்றேன். “கேட்டா என்கிட்ட அனுப்பு. அவங்க கால் போனா அந்தக் கேட்கறவங்க வந்து தோள் குடுப்பாங்களா? அடையை நீயே தின்னு, உன் கன்னம் ஒட்டிக் கிடக்கு.”

“தடிச்ச வாய்டி உனக்கு!”

“ஆமா. அதுக்குத்தான் சம்பளம்.”

அக்கா அடையைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் கை நீளவில்லை. “எடுத்துக்கிட்டுப் போ முனியம்மா. வாசனையோட போ. அந்த வாசனை இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நான் உன் கையையும் சேத்துக் கடிச்சிடுவேன்” என்றார்.

ஆபீசிலிருந்து குமாஸ்தாவான கிராணியும் வந்தார். ஜப்பான்காரனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர், பயந்த மனிதர். “வேலை செய்யாதவங்களுக்கு ரேஷன் கிடையாதுன்னு உத்தரவு. படுத்துக் கிடக்கறவளுக்கு விரால் மீனா? பேரை எடுத்துடுங்க” என்றார். டிரெசர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அலமேலு, சமையல்கட்டு வேலை, பயறு அரைத்தல் என்று எழுதியிருந்தது.

“இது பொய்க் கணக்கு இல்லையா?”

“போய்ப் பாரும். அரைக்கிறாவா இல்லையா? கண்டதைத்தான் எழுதினனான்.”

கிராணி எட்டிப் பார்த்தார். அக்கா ஆட்டுக்கல்லை நிறுத்தாமல், “வாங்க கிராணி ஐயா, ஒரு சுத்து சுத்திப் பாக்கறீங்களா?” என்றார். கிராணி போய்விட்டார்.

மூன்றாம் வாரக் கடைசியில், முந்நூறு எண்ணி முடித்துக் குழாயை வெளியே எடுத்தேன். செங்கல் இல்லை. அழுக்கு மஞ்சள். ஓடிப்போய்ச் சொல்ல வாயைத் திறந்தவள் டிரெசர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, “மஞ்சள்” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார். புண்ணின் ஓரத்தில் புதுச் சதை சிவந்து தலைகாட்டுவதாகச் சொன்னார். நாலாம் வாரம் இரண்டு நாள் மறுபடி செங்கல். அந்த வாரம் மழையில் ஆறு பெருகி மீன் இல்லை, அவர் பசியைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் மூன்றாவது பெட்டி வைத்தேன். தாளில் அந்த இரண்டு கட்டமும் செங்கலாகவே இருக்கின்றன. அழிக்கவில்லை. ஐந்தாம் வாரம் மஞ்சள், மஞ்சள், மஞ்சள். தராசில் நூற்று எழுபது ராத்தல். கால் வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. “அட, இது இங்கதான் இருக்கா?” என்று அக்கா தொட்டுப் பார்த்தார்.

ஆறாம் வாரம் டாக்டர் வந்தார். சைக்கிளின் பின்னால் துணியில் சுற்றிய தகரப் பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா முந்திக்கொண்டார். “டாக்டரய்யா, பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னால குழாயைப் பாருங்க. என் கண்ணு முன்னால பாருங்க. உங்க கையாலயே சொட்டு விடுங்க, அப்புறம் இந்தப் பொண்ணு ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது.”

டாக்டர் சிரிக்காமல் என் அடுப்படிக்கு வந்தார். நாலு சொட்டு அவர் கையால் விழுந்தது. நாங்கள் அக்காவை நாற்காலியோடு தூக்கிவந்து அடுப்புக்கு எதிரே வைத்திருந்தோம். நான் எண்ணினேன். இருநூறு தாண்டியது. அதற்கு மேல் அக்காவும் சேர்ந்து எண்ணினார், கணீரென்று, ஏதோ என் காலைப் பற்றித்தான் பேச்சு என்பது போல. முந்நூறு.

டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பச்சை. இளம் முருங்கைக் கொழுந்துப் பச்சை.

அவர் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார். மோந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். அக்கா “ஆ!” என்று கத்தினார். டாக்டர் முகம் மலர்ந்தது. “வலிக்குதா?”

“வலிக்காம? உங்க விரலா, உளியா?”

“போன தடவை இதே இடத்துல அழுத்தினேன், உங்களுக்குத் தெரியவே இல்லை” என்றார் டாக்டர். பிறகு டிரெசர் பக்கம் திரும்பி, “இன்னொரு ஆறு வாரம் பார்ப்போம்” என்றார். தகரப் பெட்டி கட்டு அவிழாமலே திரும்பிப் போயிற்று. அந்த ஆறு வாரம் முடியும்போது புண் மூடிவிட்டது. அக்கா ஆயாக்கொட்டகைக்கு நடந்தே போனார், உடம்பு அசையட்டும் என்று தினமும் சுற்றுவழியில். தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஜப்பான்காரன் போனதும் தோட்டத்துக் கோயிலில் அன்னதானம் நடந்தது. பல வருடம் கழித்து எல்லாருக்கும் வெள்ளைச் சோறு. பந்தியில் பெரியவர்கள் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். முனியம்மா பரிமாற வந்து அக்கா இலையில் மலையாகக் கொட்டினாள். அக்கா மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, இரண்டு பெட்டி அளவு சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, மீதியை எச்சில்படாமல் பாத்திரத்தில் திருப்பிப் போட்டார். பந்தியே பார்த்தது. சாமி சோற்றைத் திருப்புவதா என்று முணுமுணுப்பு எழுந்தது.

முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணி, ஜப்பான்காரன்தான் போயிட்டானே! இன்னும் எதுக்கு ரேஷன்?”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவன் சோத்தைப் புடுங்கினான், அது பட்டினி. இது நானாக் குறைச்சது. ரெண்டும் ஒண்ணாடி? கீரையைக் கொண்டா, நெறைய வை.”

மேடைக்காரருக்கு நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான். பட்டினி கிடந்தும் காமாட்சி போனாள். கணக்காய்ச் சாப்பிட்டு அலமேலு அக்கா பிழைத்தார். இரண்டையும் ஒரே பேரில் கூப்பிட நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன். இன்றைக்கு ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. எங்களுக்குக் கிடைக்காததை நீங்கள் தூக்கி எறியாதீர்கள். அதோடு தட்டையும் பாருங்கள். “ஒண்ணுமே சாப்பிடலை” என்று சொல்வதற்கு முன்னால் வாயில் போட்டதையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், தோசை, ரொட்டி சானாய், கிழங்கு எல்லாம் சேர்த்து.

அலமேலு அக்கா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். வயதாகி, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார். குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. பாதங்களை நான்தான் கழுவினேன். இடது உள்ளங்காலில் வெள்ளையாக ஒரு தழும்பு, கட்டைவிரல் நீளம். இடது கால் ஒன்று, வலது கால் ஒன்று, இரண்டும் இருந்தன. கண்டதைத்தான் எழுதுகிறேன்.